‘மற்றவை’ என்று மூன்றாவதாக ஒரு பொத்தான் வைத்தால் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சிறிய நிறுவனம் ஒன்றில் செயலி செய்கிறீர்கள். பதிவுப் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே தெரிவுகள் இருந்தன. எல்லாப் பாலினத்தவருக்கும் பொருந்தும்படி மாற்றச் சொல்லி மேலே இருந்து உத்தரவு. மூன்றாவதாக ‘மற்றவை’ சேர்த்தால் வேலை முடிந்ததா, இல்லை வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? மேலோட்டமாகப் பார்த்தால் இது பொத்தான்களின் எண்ணிக்கை பற்றிய கேள்வி. ஆனால் ‘வேறு ஏதாவது’ என்று தயங்கினீர்களே, அங்கேதான் நிஜக் கேள்வி இருக்கிறது: அந்தத் தகவல் உள்ளே போனபின் மென்பொருள் அதை வைத்து என்னென்ன செய்கிறது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பதினேழு ஆண்டுகளாக மருத்துவமனை, கடன், கல்லூரிச் சேர்க்கை என்று படிவங்கள் நிறைந்த மென்பொருள்களையே செய்து வருகிறேன். நான் திருநர் (திருநங்கையோ திருநம்பியோ) அல்ல. அவர்களுடைய சிரமம் பற்றி இங்கே சொல்வது கேட்டறிந்தது. நிரல் பற்றிச் சொல்வது நானே செய்து, பட்டு, திருத்தியது.

பட்டதிலிருந்தே தொடங்குகிறேன். தென்மாவட்ட நகரம் ஒன்றில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு ஓபி பதிவு மென்பொருள் எழுதினோம். பாலினத்தை வைத்துப் பெயருக்கு முன்னால் அடைமொழி போடும் சின்ன நிரல் என் கையால் எழுதியது. ஆண் என்றால் திரு. பெண் என்றால் திருமணம் ஆனவரா என்று பார்த்து திருமதி அல்லது செல்வி. அந்தப் பெயர் காத்திருப்புக் கூடத்தின் திரையில் வரும், ஒலிபெருக்கியிலும் வாசிக்கப்படும். ஒரு நாள் திருநங்கை ஒருவர் வந்திருக்கிறார். அவரிடம் இருந்த அட்டையில் பழைய பெயர்தான். ‘திரு’ என்று தொடங்கி அந்தப் பெயர் கூடம் முழுக்க ஒலித்தது. சேலையில் எழுந்து நின்றவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சீட்டை மேசையில் வைத்துவிட்டு, மருத்துவரைப் பார்க்காமலே போய்விட்டார். பராமரிப்பு வேலைக்காகப் போனபோது வரவேற்பில் இருந்த அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்று அந்தப் படிவத்தில் மூன்றாவது பொத்தான் இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும், ஏனென்றால் கோளாறு படிவத்தில் இல்லை. அறிவிப்புக்கு எதற்குப் பாலினம் என்று நான் யோசிக்காததுதான் கோளாறு. திருத்துவதற்கு அரை நாள் கூட ஆகவில்லை. பெயரையே எடுத்துவிட்டு டோக்கன் எண்ணை மட்டும் வாசிக்க வைத்தோம். தன் பெயரைக் கூடத்தில் யாரும் கேட்க வேண்டாம் என்று நினைக்கிற நோயாளிகள் வேறு எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பாலினம் வேண்டும் என்று தோன்றும் இடத்தில் எல்லாம் உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேறொன்றாக இருக்கும். அதையே நேராகக் கேளுங்கள். விமான எடைக் கணக்கில் நடந்த ஒன்று இதற்கு நல்ல உதாரணம். 2020 ஜூலை 21 அன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குப் போன டூயி என்ற சுற்றுலா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தில், ‘மிஸ்’ என்று பதிவாகியிருந்த 38 பெண்களைக் கணினி குழந்தைகளாக எண்ணிவிட்டது. அந்த மென்பொருளை எழுதிய நாட்டில் ‘மிஸ்’ (Miss) என்றால் சிறுமி, ‘எம்எஸ்’ (Ms) என்றால் வளர்ந்த பெண். ஒவ்வொருவருக்கும் 69 கிலோவுக்குப் பதில் 35 கிலோ. மொத்தத்தில் 1,200 கிலோவுக்கு மேல் குறைவாகக் காட்டிய எடைச் சீட்டோடு விமானம் கிளம்பியது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு விஷயம். எழுதியவருக்குத் தேவைப்பட்டது வயது. அவர் பிடித்துக்கொண்டது பெண்ணின் அடைமொழி. என்னுடைய ‘திரு’ நிரலுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

அதனால் முதல் வேலை, கேட்காமலே இருக்க முடியுமா என்று பார்ப்பது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளுக்கான வழிகாட்டி, பாலினம் தெரியாமல் சேவையைத் தரவே முடியாது என்றால் மட்டும் கேளுங்கள் என்கிறது. பிரான்ஸில் ரயில் டிக்கெட் வாங்குபவரிடம் ‘மிஸ்யூவா, மதாமா’ (திருவா, திருமதியா) என்று கட்டாயமாகக் கேட்டது வழக்கானபோது, 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ரயிலில் போவதற்கான ஒப்பந்தத்துக்கு அது அவசியமில்லை என்று சொன்னது. நம் ஊரில் 2023-ல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் பெற்று வாங்கும் தகவல் சொன்ன நோக்கத்துக்குத் தேவையான அளவில்தான் இருக்க வேண்டும் என்கிறது. மளிகை கொண்டுவந்து தரும் செயலிக்கு வாடிக்கையாளரின் பாலினம் எதற்கு? ‘மார்க்கெட்டிங் கேட்டார்கள்’ என்பார்கள். எந்த அறிக்கைக்கு, யார் பார்க்க, என்றைக்கு என்று கேளுங்கள். பாதி நேரம் பதில் வராது.

சில இடங்களில் கேட்டே ஆக வேண்டும். வங்கிக்கான அடையாளச் சரிபார்ப்பு, அரசுத் திட்டம், பெண்களுக்கான விடுதி, மருத்துவம். அங்கே எத்தனை தெரிவுகள் என்பதைவிட, எந்தப் பாலினத்தைக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். அட்டையில் அச்சிட்டிருப்பது ஒன்று, அவர் தன்னை உணர்வது ஒன்று, மருத்துவருக்கு வேண்டிய உடல் விவரம் இன்னொன்று. பெரும்பாலானவர்களுக்கு இந்த மூன்றும் ஒன்றாகவே இருப்பதால் ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறோம். ஒன்றாக இல்லாதவர் வரும்போது மென்பொருள் திணறுகிறது. ‘அடையாள அட்டையில் உள்ளபடி பாலினம்’ என்று முழுதாக எழுதிவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும். பதில் சொல்பவருக்கு எதைக் கேட்கிறார்கள் என்று புரியும். எந்த அட்டை, என்றைக்குப் பார்த்தது என்பதையும் பக்கத்தில் சேமியுங்கள், பிறகு அட்டை மாறினால் பதிவையும் மாற்றலாம்.

இன்னொரு தவறான எண்ணம், மூன்றாவது பெட்டி வைத்தால் திருநங்கைகள் எல்லோரும் அதில்தான் வருவார்கள் என்பது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) தொடுத்த வழக்கில் தந்த தீர்ப்பு மூன்றாம் பாலினத்தை ஏற்றதோடு நிற்கவில்லை. ஒருவர் தன்னை ஆண், பெண், மூன்றாம் பாலினம் என எதுவாக அடையாளம் காண்கிறார் என்பது அவரே முடிவு செய்ய வேண்டியது என்றது. பெண் என்றே குறிக்க விரும்பும் திருநங்கைகளும், ஆண் என்றே குறிக்க விரும்பும் திருநம்பிகளும் (பிறப்பில் பெண் எனப் பதிவாகி ஆணாக வாழ்பவர்கள்) உண்டு. ஆகவே மூன்றாவது பெட்டியில் விழுந்த எண்ணிக்கையைத் திருநர் எண்ணிக்கை என்று அறிக்கையில் எழுதாதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘இதர’ என்ற பிரிவில் 4,87,803 பேரைக் காட்டியது. அதையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

‘மற்றவை’ என்ற சொல் எனக்குப் பிடிக்காது. ‘வை’ என்ற முடிவே அஃறிணை. மளிகைப் பட்டியலின் கடைசி வரி மாதிரி மனிதரை எழுதுகிறோம். தமிழக அரசு 2008-ல் இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கைகளுக்கென ஒரு நலவாரியம் அமைத்தது. ‘திருநங்கை’ என்ற சொல் அரசு வழக்காகவே நிலைத்துவிட்டது. ‘திருநம்பி’, இரண்டையும் உள்ளடக்கும் ‘திருநர்’ ஆகியவையும் புழக்கத்தில் இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் தொடர்ச்சியாக 2022-ல் அரசிதழில் ஒரு சொல்தொகுதியே வெளியானது. புதிதாகச் சொல் உருவாக்காமல் அங்கிருந்து எடுங்கள். ‘சொல்ல விரும்பவில்லை’ என்பதையும், யாரும் கேட்கவே இல்லை என்ற நிலையையும் தனித்தனியாகச் சேமியுங்கள். இரண்டையும் ‘மற்றவை’க்குள் தள்ளினால் பிறகு பிரிக்கவே முடியாது. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. மனிதப் பாலினங்களைக் குறிப்பதற்கான ஐஎஸ்ஓ 5218 என்ற சர்வதேசத் தரமே 0 தெரியாது, 1 ஆண், 2 பெண், 9 பொருந்தாது என்று நான்கு குறியீடுகள் வைத்திருக்கிறது. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்பதில் எந்த உட்பொருளும் இல்லை என்று அந்த ஆவணமே விளக்கம் சொல்வது வேடிக்கை. முகவரி அட்டைகளுக்கான வி-கார்டு 4.0 தரம் 2011-லேயே ஓர் எழுத்தோடு, அவரவர் சொந்தச் சொல்லில் எழுதிக்கொள்ளவும் இடம் விட்டது. எத்தனை தெரிவுகள் சரி என்பதில் மட்டும் துறைக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. ஃபேஸ்புக் 2014 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஐம்பதுக்கும் மேல் வைத்தது. எனக்கு நீண்ட பட்டியலில் நம்பிக்கை குறைவு. மூன்று நான்கு தெரிவுகளும் எழுத ஒரு காலிக் கட்டமும் போதும் என்பது என் அனுபவம். இதை என் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படிவத்தை மாற்றிவிட்டாலும் அடுத்த கணினி மாறியிருக்காது. 2018 ஏப்ரல் வரை பான் அட்டை விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற இரண்டுதான். ஆதாரில் அதற்கு முன்பே மூன்றாவது தெரிவு இருந்தது. இரண்டையும் இணைக்கச் சொன்னபோது திருநர்கள் பலருக்கு விவரம் பொருந்தாமல் நின்றுபோனது. உங்கள் செயலியும் ஏதாவது வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ தகவல் அனுப்பும். அவர்கள் இரண்டு எழுத்துகளை மட்டும் ஏற்பார்கள் என்றால் மூன்றாவது மதிப்பை உங்கள் நிரல் என்ன செய்கிறது என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் சத்தமில்லாமல் ‘ஆண்’ என்று மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அதுதான் முன்னிருப்பு மதிப்பு, அதாவது வேறு எதுவும் பொருந்தாதபோது நிரல் தானாக எடுத்துக்கொள்வது. அதற்குப் பதில் நிரல் அங்கேயே நின்று, ஒரு மனிதரின் மேசைக்கு அனுப்புவது மேல். கதவு அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருநங்கை பிரித்திகா யாஷினியின் வழக்கு இருக்கிறது. உதவி ஆய்வாளர் தேர்வுக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அவர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, அடுத்த தேர்வுகளில் மூன்றாம் பாலினத்தைத் தனிப் பிரிவாகச் சேர்க்கச் சொன்னது.

மருத்துவம் தனி உலகம். ஆய்வக அறிக்கையில் ஹீமோகுளோபின் அளவு ஆணுக்கு 13-க்குக் கீழே, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு எந்த எல்லையைக் காட்டுவது என்பதை நிரலாளர் முடிவு செய்யக் கூடாது. மருத்துவர் தேர்ந்தெடுக்கும்படி வைக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆண் என்று பதிவான திருநம்பிக்குக் கருப்பைவாய் இருந்தாலும், அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை அழைப்பு தானாகப் போவதில்லை. அவரே கேட்டுப் பெற வேண்டும். அழைப்புப் பட்டியலுக்கு வேண்டியது ‘கருப்பைவாய் இருக்கிறதா’ என்ற தகவல். கருப்பை நீக்கிய பெண்ணுக்கும் அது இருந்தால்தான் தேவையில்லாத கடிதம் போகாது. இதற்கு மேல் மருத்துவ நுணுக்கத்துக்குள் போக எனக்குத் தகுதியில்லை.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி, தமிழ். ஆங்கிலத்தில் செய்த செயலியைத் தமிழாக்கும்போது பலர் ‘அவன்/அவள்’ என்று சாய்கோடு போடுகிறார்கள். படிக்கச் சகிக்காது, தேவையும் இல்லை. தமிழில் ‘அவர்’ இருக்கிறது. மரியாதை, பொதுமை இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடும். ‘கவிதா தன் படத்தை மாற்றினார்’ என்று எழுதினால் ஆங்கிலத்தில் மூன்று விதமாகப் பிரியும் சொல் ‘தன்’ என்ற ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் செய்தியை உருவாக்கக் கவிதாவின் பாலினம் கணினிக்குத் தெரியவே வேண்டாம். மாணவன்/மாணவி என்பதற்கு மாணவர், கணவன்/மனைவி என்பதற்கு வாழ்க்கைத்துணை, பெயருக்கு முன்னால் ஏதாவது வேண்டும் என்றே அடம்பிடித்தால் திருமிகு. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்குத் தனி விகுதி கிடையாது, அது உயர்திணை வினையையே கொள்ளும் என்று தொல்காப்பியமே ஒரு நூற்பாவில் யோசித்து வைத்திருக்கிறது. நம் மொழிபெயர்ப்புக் கோப்புகள் அந்த அளவுக்குக் கூட யோசிப்பதில்லை.

தமிழில் பாலினம் நுழையும் இடங்கள் வேறு. முறைச்சொல்லும் விளியும்தான். குரலைக் கேட்டு ‘சொல்லுங்க சார்’ என்று ஊகித்துப் பேசும் தானியங்கிகள் வந்துவிட்டன. கட்டைக் குரல் கொண்ட பெண்ணையும், குரல் உடையாத பையனையும், திருநங்கையையும் ஒரே அடியில் சங்கடப்படுத்தும். ‘சொல்லுங்க’ என்பதிலேயே மரியாதை இருக்கிறது, ‘ங்க’ போதும். சாரும் மேடமும் அண்ணாவும் அக்காவும் இல்லாமல் நன்றாகப் பேசலாம். அப்புறம் இனிஷியல். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்தால் தமிழ்ப் பெண் இரண்டாவதில் அப்பா பெயரை எழுதுவார். அடுத்த நாள் ‘அன்புள்ள முருகன்’ என்று அவருக்கு மின்னஞ்சல் வரும். கல்யாணம் ஆனபின் சிலருக்கு இனிஷியல் மாறும், பலருக்கு மாறாது. ‘தந்தை/கணவர் பெயர்’ என்பதைக் கட்டாயமாக்காதீர்கள். 2018 டிசம்பர் முதல், தாய் மட்டுமே வளர்த்தவர்களின் பான் விண்ணப்பத்திலேயே தந்தை பெயர் கட்டாயமில்லை. ஒரே கட்டம், ‘முழுப் பெயர்’, இன்னொன்று ‘உங்களை எப்படி அழைக்கலாம்’. முடிந்தது.

பெயர் மாறும் என்பதை டேட்டாபேஸ் எதிர்பார்க்க வேண்டும். பயனர் பெயரையோ மின்னஞ்சலையோ அடையாள எண்ணாக வைத்திருந்தால், பெயரை மாற்றிக்கொண்டவரின் பழைய பெயர் இணைய முகவரியிலும் பழைய ரசீதிலும் ‘இவர் முன்பு இப்படி அழைக்கப்பட்டார்’ என்ற அறிவிப்பிலும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அர்த்தமில்லாத ஓர் எண்ணை அடையாளமாக வையுங்கள். தணிக்கைக்காகப் பழைய பெயர் தேவைப்பட்டால் அதற்கென்று அனுமதி உள்ளவர் மட்டும் பார்க்கட்டும். அதேபோல, நாற்பது பேர் இருக்கும் அலுவலக அறிக்கையில் ‘திருநர்: 1’ என்று அச்சிட்டால் அது புள்ளிவிவரம் இல்லை, ஒருவரைக் கைகாட்டுவது. சிறிய எண்களைக் காட்டாமல் விடுங்கள்.

கேட்காமல் ஊகிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிக மென்பொருள்களை 2018-ல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தபோது, கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போனது. வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சமே 0.8 தான். 2020-ல் கூகுள் தன் படம்பார்க்கும் சேவையிலிருந்து ஆண், பெண் என்ற முத்திரைகளையே எடுத்துவிட்டது. பெயரை வைத்து ஊகிப்பது இதைவிட மோசம். நம் ஊரில் ஜோதி போன்ற பெயர்கள் எந்தப் பக்கம் என்று எந்தப் பட்டியல் சொல்லும்?

இதுவரை சொன்னது தகவல் பக்கம். புழங்கும் முறைப் பக்கமும் ஒன்று உண்டு, அங்கே நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் பர்னெட் குழுவினர் ஜென்டர்மேக் என்றொரு முறை உருவாக்கியிருக்கிறார்கள். எதற்காகக் கணினியைத் தொடுகிறார், தன்மேல் எவ்வளவு நம்பிக்கை, துணிச்சல் எவ்வளவு, தகவலை முழுக்கப் படித்துவிட்டுச் செய்பவரா, நோண்டிப் பார்த்துக் கற்பவரா என்று ஐந்து கோணங்களில் ஒவ்வொரு திரையையும் பார்க்கிறார்கள். ஆணும் பெண்ணும் சராசரியில் இவற்றில் வேறுபடுகிறார்கள் என்பது ஆய்வுகளில் தொடர்ந்து தெரிகிறது. ஆனால் தனிமனிதருக்கு அது விதி ஆகாது. அவர்களே கற்பனைப் பயனருக்கு ‘அபி’ என்று பேர் வைத்து, அது அபிகெயிலாகவும் இருக்கலாம் அபிஷேக்காகவும் இருக்கலாம் என்கிறார்கள். பெண்களுக்கு இளஞ்சிவப்புத் திரை என்று போகாமல், அபியை மனதில் வைத்து ‘திரும்பப் பெறு’ பொத்தானைக் கண்ணில் படும்படி வைத்தால் என் அப்பாவும் பிழைப்பார்.

நம் ஊரில் இதைவிடப் பெரிது தொலைபேசி யாருடையது என்பது. மகளிர் குழுக் கடனுக்கு நாங்கள் செய்த செயலியில் ஓடிபி போன எண் பலருக்கு மகனுடையது, சிலருக்குக் கணவருடையது. கடன் வாங்கியவர் வயலில், ஓடிபி திருப்பூரில். ஒரு போன், ஒரு மனிதர் என்று நாங்கள் எழுதியிருந்தோம். பிறகு குழுவின் ஊக்குநர் முன்னிலையில் எண்ணை மாற்றும் வழி வைத்தோம். பூட்டிய திரையில் தொகை தெரியாதபடி அறிவிப்பையும் சுருக்கினோம். இப்படிச் செய்ததால் எத்தனை பேருக்கு உதவியது என்று அளந்து பார்க்கவில்லை, செய்திருக்க வேண்டும்.

சட்டப்படி எந்த இடத்தில் எதைக் கேட்பது கட்டாயம் என்பதை என்னை நம்பி முடிவு செய்யாதீர்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, உங்கள் நிறுவன வழக்கறிஞரைக் கேளுங்கள். திரையைத் திருநர் நான்கைந்து பேரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். அவர்கள் நேரத்துக்குக் காசு கொடுங்கள், ‘விழிப்புணர்வு’ என்று இலவசமாக வாங்காதீர்கள்.

நாளைக் காலை செய்ய ஒரு வேலை சொல்கிறேன். நிரல் முழுக்க ‘ஜென்டர்’, ‘செக்ஸ்’, ‘டைட்டில்’ என்ற சொற்களைத் தேடி, வரும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘எதற்கு’ என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுத முடியாத வரிகளை நீக்குங்கள். மூன்றாவது பொத்தானுக்கு என்ன பெயர் என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஒருவேளை அந்தக் கேள்வியே படிவத்தில் மிஞ்சாமல் போகலாம். எங்கேயாவது சிக்கினால் அந்த வரியை மட்டும், வாடிக்கையாளர் விவரத்தை எடுத்துவிட்டு, இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.